முகர்ந்து பார்க்கிறவள்

கீறல் விழுந்த முட்டையை வீட்டில் யார் சாப்பிடுகிறார்கள் என்று கேளுங்கள். யோசித்துப் பதில் சொல்ல வேண்டிய கேள்வியே இல்லை. கடையிலிருந்து வரும் வழியில் பையில் நசுங்கியது, வேகும்போது வெடித்து வெள்ளைக்கரு வெளியே வந்து நுரைத்தது, ஃபிரிட்ஜ் கதவில் மூன்று வாரமாக மறந்து கிடந்தது, உரிக்கும்போது பாதி ஓட்டோடு பிய்ந்துபோனது, எல்லாம் ஒரே தட்டுக்குத்தான் போகும். முழு முட்டை அவருக்கு. இன்னொரு முழு முட்டை பையனுக்கு. "எனக்கு ஒண்ணும் செய்யாது" என்று சொல்லிக்கொண்டே மிச்சத்தை அவள் எடுத்துக்கொள்வாள்.

இந்த "எனக்கு ஒண்ணும் செய்யாது" என்பதைத் தியாகம் என்று நமக்குக் கற்பித்து வைத்திருக்கிறார்கள். அன்னையர் தினத்தில் சிலர் அதற்குக் கவிதையும் எழுதுகிறார்கள். நான் அதை ஒரு மருத்துவக் கூற்றாக எடுத்துக்கொண்டு கேட்கிறேன்: ஏன் செய்யாது? அவள் குடலுக்கு மட்டும் தனிக் காப்பு ஏதாவது கட்டியிருக்கிறதா? இவள் அம்மா, இவளை விட்டுவிடலாம் என்று கிருமிக்குத் தெரியுமா?

முட்டை நல்லதா கெட்டதா என்று தீர்மானிப்பது ஒரு வேலை. காதருகே வைத்துக் குலுக்குவாள். உள்ளே தளும்பினால் சந்தேகம். விளக்குக்கு நேரே பிடித்துப் பார்ப்பாள். தண்ணீரில் போடுவாள், படுத்தால் புதுசு, நின்றால் பழசு, மிதந்தால் குப்பைக்கு. ஆம்லெட்டுக்கு ஐந்து முட்டை வேண்டுமென்றால் ஐந்தையும் நேராகப் பெரிய பாத்திரத்தில் உடைத்துவிட மாட்டாள். ஒவ்வொன்றாகச் சின்னக் கிண்ணத்தில் உடைத்து, முகர்ந்து, பிறகு சேர்ப்பாள். ஐந்தாவது அழுகலாக இருந்து நான்கு நல்ல முட்டை பாழாகிவிடக் கூடாதே! கோழிப்பண்ணைத் தொழிலில் முட்டையை வெளிச்சத்தில் காட்டித் தரம் பிரிப்பதற்குக் கருவி உண்டு, பயிற்சி உண்டு, சம்பளம் உண்டு. அடைக்கு வைத்த முட்டையைச் சிம்னி விளக்கில் காட்டிக் கரு கட்டியிருக்கிறதா என்று பார்த்த பாட்டி செய்ததும் அதே வேலைதான்.

ஒருமுறை வகுப்பில் மாணவியரிடம் கேட்டேன். பால் திரியப்போகிறதா, சோறு ஊசிவிட்டதா, முட்டை கெட்டுவிட்டதா என்று உங்கள் வீட்டில் முகர்ந்து சொல்கிறவர் யார்? அம்மா, பாட்டி, அக்கா, "நான்தான் மேடம்". ஒருத்தி மட்டும் தாத்தா என்றாள். அந்தத் தாத்தா ஓட்டல் மாஸ்டராக இருந்தவர். ஆணின் மூக்குக்கும் இந்த வேலை தெரியும். கூலி கிடைக்கிற இடத்தில் தெரிகிறது. வீட்டுக்குள் வந்ததும் "எனக்கு அதெல்லாம் தெரியாதும்மா, நீயே பார்த்துச் சொல்லு" என்று ஆகிவிடுகிறது.

இந்த இடத்தில் நம் தோழியர் சிலரோடு எனக்குச் சண்டை இருக்கிறது. பெண்களின் அடுக்களை அறிவு, வழிவழி வந்த ஞானம், எந்த ஆய்வுக்கூடத்துக்கும் குறையாத மூக்கு என்றெல்லாம் எழுதுகிறார்கள். கேட்க இதமாக இருக்கிறது. ஆனால் அந்த மூக்கால் எதை அறிய முடியும், எதை அறிய முடியாது என்று பார்க்காமல் பாராட்டுவது, பொறுப்பை இன்னும் இறுக்கமாக அவள் தலையில் கட்டுவதில்தான் முடியும்.

முட்டை ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உண்டு. இட்ட நாளிலிருந்து உள்ளிருக்கும் ஈரம் அவற்றின் வழியாக ஆவியாகிக்கொண்டே இருக்கிறது. காற்று உள்ளே வருகிறது. பருத்த முனையில் இருக்கும் காற்றறை நாளுக்கு நாள் பெரிதாகிறது. பழைய முட்டை மிதப்பது அதனால்தான். ஆக, தண்ணீர்ச் சோதனை சொல்வது முட்டையின் வயதை மட்டுமே. வயதானால் கெட்டுப்போய்விட்டது என்று பொருளில்லை (நமக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை). மிதக்கிற முட்டையை உடைத்துப் பார்த்தால் நன்றாகவே இருக்கலாம். அடியில் சமர்த்தாகப் படுத்திருக்கும் புது முட்டைக்குள் சால்மோனெல்லா இருக்கலாம்.

அழுகிய முட்டையின் வாடை ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற வாயுவால் வருவது. புரதத்தைச் சிதைக்கிற பாக்டீரியாக்கள் உண்டாக்கும் அந்த வாடையை மூக்கு உடனே பிடித்துவிடும். நோயைத் தருகிற சால்மோனெல்லா அப்படி முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு வருவதில்லை. அதில் ஒரு வகை, ஓடு உருவாகும் முன்பே, கோழியின் வயிற்றுக்குள்ளேயே முட்டையில் புகுந்துவிடக்கூடியது. நிறம் மாறாது. வாடை மாறாது. ஓட்டில் ஒரு கீறலும் இருக்காது. எத்தனை தலைமுறை ஞானம் கொண்ட மூக்கும் அதன் முன் ஒன்றும் செய்ய முடியாது. அதைக் கொல்வது சூடுதான், வெள்ளையும் மஞ்சளும் கெட்டியாகும்வரை ஏறுகிற சூடு.

இன்னொரு பக்கம், பயப்பட வேண்டாததற்கெல்லாம் அவள் திட்டு வாங்குகிறாள். அவித்த முட்டையின் மஞ்சள் கருவைச் சுற்றிப் பச்சையாக ஒரு வளையம் வந்தால் "கெட்ட முட்டையை அவிச்சு வெச்சிருக்கா" என்பார்கள். அதிக நேரம் வெந்ததால் இரும்பும் கந்தகமும் சேர்ந்து வரும் நிறம் அது. உடம்புக்கு ஒன்றும் செய்யாது. மஞ்சளில் ஒரு இரத்தப்பொட்டு இருந்தால் அருவருத்துத் தட்டைத் தள்ளுகிறவர்கள் உண்டு. அதுவும் கெடுதல் இல்லை. வெள்ளைக்கரு கலங்கலாக இருந்தால் பெரும்பாலும் புது முட்டை என்றே பொருள்.

கீறல் முட்டைக்கு வருவோம். ஓடுதான் அரண். அது கீறியபின் உள்ளே இருக்கும் சவ்வு எவ்வளவு நேரம் தாங்கும் என்பது வெயிலையும் அழுக்கையும் பொறுத்தது. கண்ணெதிரே, வீட்டுக்குக் கொண்டுவரும் வழியில் கீறியது என்றால் உடனே உடைத்துச் சுத்தமான பாத்திரத்தில் ஊற்றி, மூடி, ஃபிரிட்ஜில் வைத்து இரண்டு நாளுக்குள் நன்றாக வேகவைத்துச் சாப்பிடலாம். எப்போது கீறியது என்று தெரியாதது, ஒழுகுவது, கீறலில் கோழி எச்சம் ஒட்டியது, இவை யாருக்கும் வேண்டாம். யாருக்கும் என்றால் அவளுக்கும் வேண்டாம். கொதிக்கிற தண்ணீரில் வெடித்ததைப் பயமில்லாமல் சாப்பிடலாம். அவித்த முட்டையை நம் சித்திரை வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே போட்டு வைக்கக் கூடாது. காலையில் அவித்து, எல்லாரும் சாப்பிட்டு முடித்தபின் பிற்பகல் மூன்று மணிக்கு அவள் வாயில் போட்டுக்கொள்கிற முட்டை இருக்கிறதே, அதைப் பற்றித்தான் சொல்கிறேன்.

இதையெல்லாம் சொன்னால் சுலபமாக ஒரு அறிவுரை வரும்: சந்தேகம் வந்தால் தூக்கி எறிந்துவிடு. இன்னொரு முட்டை கையில் இருப்பவர்களுக்காக எழுதப்பட்ட அறிவுரை அது. கடையில் கீறல் முட்டையை ஓரமாக எடுத்து வைத்துக் குறைந்த விலைக்குத் தருவார்கள். அதைக் கேட்டு வாங்குகிற பெண்ணுக்கு விலை வித்தியாசம் ஒரு கணக்கு. பிள்ளைக்கு ஆறு கிராம் புரதம் அதைவிடப் பெரிய கணக்கு. அவளிடம் போய் நுண்துளை, சவ்வு என்று பேசிவிட்டு வந்துவிட்டால் என் வேலை முடிந்துவிடாது. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 53 விழுக்காட்டுக்கும் மேல் இரத்தசோகை. முட்டை ஒன்றால் மட்டும் அது தீராது. ஆனால் கடைசியாகச் சாப்பிடுகிறவள், மிச்சம் சாப்பிடுகிறவள், கீறல் சாப்பிடுகிறவள் யார் என்று அந்த எண் காட்டிக்கொடுக்கிறது. அவளே கருவுற்றிருந்தால் சாதாரண வயிற்றுப்போக்கும் காய்ச்சலும்கூட அவளைக் கூடுதலாகப் படுத்தும். அந்த மாதங்களிலும் "எனக்கு ஒண்ணும் செய்யாது" நிற்பதில்லை.

வீட்டில் இது ஒரு தட்டின் கதை. சத்துணவுக்கூடத்தில் நூறு தட்டு.

1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவுத் திட்டம் வந்தது. 1989இல் கலைஞர் ஆட்சியில் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை அதில் சேர்ந்தது. பிறகு வாரத்துக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏறி, 2010இல் பள்ளி நாள் ஐந்திலும் முட்டை என்றானது. நான் அந்த முட்டையின் பக்கம். அதைக் குறை சொல்லி ஒரு வரி எழுத எனக்கு மனம் வராது. யார் கொடுத்த முட்டை என்று மேடைகளில் இன்றும் சண்டை நடக்கிறது. அதை அவித்து உரித்த கை யாருடையது என்பதில் மட்டும் எந்தக் கட்சிக்கும் சண்டை இல்லை. அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று அரசு எழுதும். பிள்ளைகள் சத்துணவு டீச்சர், ஆயா என்று கூப்பிடும். அநேகமாக எல்லாரும் பெண்கள். முழுமையான காலமுறை ஊதியம் கேட்டு வருடக்கணக்காகச் சாலையில் உட்கார்ந்து எழுந்துகொண்டிருப்பவர்கள்.

என் சின்னம்மா இருபத்திரண்டு வருடம் சத்துணவு டீச்சராக இருந்தவர். எந்த ஊர், எந்தப் பள்ளி என்பது இங்கே வேண்டாம். முட்டை அங்கே தினமும் வராது. சில நாளுக்குச் சேர்த்து வேனில் வந்து இறங்கும், அட்டைக்கு முப்பது. மேல் அட்டையைத்தான் பார்க்க முடியும். "கையெழுத்துப் போடுங்கம்மா, இன்னும் பத்து ஸ்கூல் போகணும்" என்று ஓட்டுநர் அவசரப்படுத்துவார். உடைந்தது இருந்தால் மாற்றித் தருவோம் என்றுதான் சொல்லியிருந்தார்கள். வேன் போனபின் அடி அட்டையைத் தூக்கினால் ஒழுகி ஒட்டிக்கொண்டிருக்கும். ஃபிரிட்ஜ் கிடையாது. அரிசி மூட்டைக்குப் பக்கத்தில், அடுப்பு எரிகிற அதே கூடத்தில் முட்டை இருக்கும். அந்தச் சூட்டில் நாட்கள் ஆக ஆக மஞ்சள் கருவைச் சுற்றியிருக்கும் சவ்வு தளரும். உள்ளே கிருமி இருந்தால் அதன் பிறகுதான் கொண்டாட்டம்.

பிள்ளைகள் 84. முட்டை 84. அவிக்கப் போடும்போது மூன்று மிதக்கிறது. எடுத்து உடைத்தால் ஒன்றில் வாடை. இப்போது சின்னம்மாவுக்கு என்ன வழி? மூன்றையும் பரிமாறினால், பிள்ளைக்கு ஏதாவது ஆனால் அவர் பொறுப்பு. எறிந்தால் கணக்கு இடிக்கும், விளக்கம் எழுத வேண்டும். மூன்று பிள்ளைக்கு இன்று முட்டை இல்லை என்று சொன்னால் எந்த மூன்று என்று யார் தீர்மானிப்பது? அவர் செய்தது, உதவியாளர் அக்காவிடம் தன் கைக்காசைக் கொடுத்துப் பக்கத்துக் கடையில் மூன்று முட்டை வாங்கிவரச் சொன்னது. இருபத்திரண்டு வருடத்தில் இப்படி எத்தனை முட்டை என்று கேட்டால் சிரிப்பார். "அதையெல்லாம் எழுதியா வெச்சேன்?" என்பார். எழுதி வைக்கத்தான் அந்தப் பதிவேட்டில் இடமே இல்லையே.

பிள்ளைகளுக்கு வாந்தி, மயக்கம் என்று செய்தி வந்தால் அடுத்த பத்தியில் என்ன இருக்கும் என்று பத்திரிகை படிக்கிற எல்லாருக்கும் தெரியும்: அமைப்பாளரும் சமையலரும் பணியிடை நீக்கம். பண்ணையில் எத்தனை நாள், கிடங்கில் எத்தனை நாள், வேனில் எத்தனை மணி நேர வெயில் என்று யாரும் கேட்டு முடிப்பதற்குள் இது நடந்துவிடும். முட்டை எத்தனையோ கை மாறி வருகிறது. பிடிபடுவது கடைசிக் கை.

2013 ஜூலை 16 அன்று பீகாரின் சாரண் மாவட்டத்தில் ஒரு தொடக்கப்பள்ளியில் மதிய உணவு சாப்பிட்டு 23 குழந்தைகள் இறந்தார்கள். அங்கே காரணம் முட்டை இல்லை, எண்ணெய். அதில் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிக்கொல்லி கலந்திருந்தது. எண்ணெய் சரியில்லை என்று சமைத்த பெண் சொன்னதாகவும், அதை மீறிச் சமைக்கச் சொன்னதாகவும் அப்போதே செய்திகள் வந்தன. சமைத்தவரும் அதைச் சாப்பிட்டார். மருத்துவமனையில் கிடந்து பிழைத்தார். நிறுத்தச் சொல்ல அவருக்கு அதிகாரம் இருந்திருந்தால் அந்த அடுப்பு அன்றைக்கு அணைந்திருக்கும். அங்கே தலைமையாசிரியையும் பெண்தானே என்று உடனே ஒரு குரல் வரும். ஆமாம், பெண்தான். "வேண்டாம்" என்று சொன்னால் நடக்கும் என்கிற நிலையில் யார் இருந்தார், யார் இல்லை என்பதைத்தான் நான் பார்க்கிறேன்.

அதன்பின் என்ன செய்தார்கள்? பரிமாறும் முன் ஆசிரியர் ஒருவர் சுவைத்துப் பார்க்க வேண்டும் என்ற விதியை மத்திய அரசு எல்லா மாநிலங்களுக்கும் மறுபடி வலியுறுத்தியது. பூச்சிக்கொல்லிக்கு அது ஒருவேளை உதவும். சால்மோனெல்லா வயிற்றைப் பிடிக்க ஆறு மணி நேரத்திலிருந்து ஆறு நாள்வரை ஆகும். பன்னிரண்டரை மணிக்குச் சுவைத்துவிட்டு ஒரு மணிக்குக் கையெழுத்துப் போடுகிற நாக்கு அதைப் பற்றி எதைச் சொல்லிவிடும்? வீட்டில் அவள் செய்துவந்ததையே விதியாக எழுதி வைத்திருக்கிறார்கள்: முதலில் ஒரு உடம்பில் போட்டுப் பார்.

2018இல் திருப்பூர் மாவட்டத்தில், அவிநாசி வட்டத்து அரசுப் பள்ளி ஒன்றில், அருந்ததியர் பெண் ஒருவர் சமைக்கக் கூடாது என்று ஆதிக்க சாதியினர் தடுத்தார்கள். அதிகாரிகள் அவரையே இடம் மாற்றினார்கள். எதிர்ப்புக் கிளம்பிய பிறகு அந்த உத்தரவு ரத்தானது. அவர் கையின் சுத்தத்தை அங்கே யாரும் சோதித்துப் பார்த்துவிட்டுப் பேசவில்லை. இப்படிப்பட்ட ஊர்களில் ஒரு தலித் பெண் "இன்னைக்கு அஞ்சு முட்டை சரியில்ல, எறிஞ்சுட்டேன்" என்று சொன்னால் அந்த வார்த்தை எவ்வளவு தூரம் போகும்? எடுத்துக்கொண்டு போய்விட்டாள் என்பார்கள். முட்டையை எறிகிற உரிமை என்று நான் பேசுவது சின்ன விஷயமாகத் தோன்றினால், திருட்டுப் பட்டம் இல்லாமல் எறியக்கூடியவர் யார் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

தமிழில் கெட்ட முட்டைக்குக் கூமுட்டை என்று பெயர். கூழ்முட்டைதான் பேச்சில் அப்படி ஆனது. அடைவைத்தும் பொரிக்காமல் உள்ளே கூழாகிப்போனது. அதை வசவாக மாற்றி, கணக்கு வராத பெண்ணுக்கும், பதில் சொல்லத் தயங்குகிறவளுக்கும், முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்தவளுக்கும் சூட்டுகிறோம். வீட்டிலும் பள்ளியிலும் கூமுட்டை என்று திட்டு வாங்கி வளர்ந்தவளிடம்தான் கூமுட்டையைக் கண்டுபிடிக்கிற வேலையைக் கொடுத்திருக்கிறார்கள். சொல்லாராய்ச்சி செய்கிற எனக்கு இதைவிட நல்ல நகைச்சுவை அகப்படவில்லை.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. முட்டை இட்ட தேதி அட்டையில் இருக்கட்டும். அடி அட்டைவரை பார்த்து முடிக்கும்வரை வேன் நிற்கட்டும். அதுவரை கையெழுத்து கிடையாது. சத்துணவுக்கூடத்துக்கு ஃபிரிட்ஜ் முடியாதென்றால், அடுப்புச் சூடு படாத காற்றோட்டமான தனி அறையாவது வேண்டும். பதிவேட்டில் "கழித்தவை" என்று ஒரு கட்டம் வேண்டும், பக்கத்தில் எண் மட்டும் போதும், விளக்கக் கடிதம் வேண்டாம். வீட்டில், உடைத்து முகர்கிற அந்தச் சின்னக் கிண்ணம் மகன் கையிலும் அவன் அப்பா கையிலும் இருக்கட்டும். சந்தேகம் என்று பட்டால் அவர்கள் வாயிலேயே "எறிந்துவிடலாம்" என்று வரட்டும். எறிய மனமில்லை என்றால் அவர்களே சாப்பிடட்டும். அவர்களுக்கு ஒண்ணும் செய்யாது.

நூறு பிள்ளைக்கு நூற்றிரண்டு முட்டை கொடுங்கள் என்றால், கூடுதல் முட்டையை வீட்டுக்கு எடுத்துப் போய்விடுவார்கள் என்று ஓர் அதிகாரி சொல்லக் கேட்டிருக்கிறேன். ஒரு முட்டை ஆறு ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். நூறு பிள்ளைக்கு ஒரு நாளைக்குப் பன்னிரண்டு ரூபாய். அந்தப் பன்னிரண்டு ரூபாய்க்குக் கோப்பு நகராது என்றால், இத்தனை வருடமாக அதை யார் கைக்காசிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தோம் என்பதையாவது அதே கோப்பில் எழுதி வைக்கட்டும்.